நரம்பைத் தட்டிப் பார்ப்பது எப்படி: என்.சி.எஸ். மெஷின் முன் புதிதாக உட்காருபவர்களுக்கு

முழங்கையின் உள்பக்கம் மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் நுனி வரை சுரீரென்று ஓடும். "ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு" என்போம். அதில் 'மாதிரி' தேவையே இல்லை. அந்த எலும்புக் குழியில், தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பு நசுங்கி, அதில் நிஜமாகவே மின்துடிப்புகள் கிளம்புகின்றன. இடி வாங்கியது முழங்கை, எரிவது சுண்டுவிரல். அந்த நரம்பு வழியாக எது வந்தாலும் மூளை அதைச் சுண்டுவிரல் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும்.

16 வருடமாக நான் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட அந்த மேஜை விளிம்பின் வேலைதான். நரம்பை ஓரிடத்தில் தட்டிவிட்டு, இன்னோரிடத்தில் அது எப்போது, எவ்வளவு பலமாகப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது. நரம்பு கடத்தல் சோதனை என்பது அதன் பெயர், சுருக்கமாக என்.சி.எஸ். வருகிறவர்களுக்கு அது 'கரண்ட் டெஸ்ட்'. "கரண்டு வைக்கப் போறியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையை மடியில் ஒளித்துக்கொள்ளும் பெரியவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதை மெஷின் விற்ற கம்பெனி ஆளிடம் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நரம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒப்பிப்பார்கள். இரண்டும் ஒட்டாது. ஒட்டாதவரை, திரையில் வரும் அலையில் எதை நம்புவது, எதைத் தூக்கிப் போடுவது என்பது தெரியாது. அதனால் ஒரே ஒரு சோதனையை, மணிக்கட்டு வழியாகப் போகும் மீடியன் நரம்பின் மோட்டார் சோதனையை (தசையை ஆட்டும் இழைகளைப் பார்ப்பது), முதலிலிருந்து கடைசி வரை இங்கே சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து.

முதலில் கையைத் தொடுங்கள்

மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் நோயாளியின் கையைப் பிடித்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். தோல் வெப்பமானியை உள்ளங்கையில் வையுங்கள். 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதைப் பின்னால் ஒரு மீன்கார அம்மா கதையில் சொல்கிறேன். நான் அவமானப்பட்ட கதை அது.

அடுத்தது எண்ணெய். கை மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு ஏற்கெனவே தைலம் தேய்த்துப் பார்த்தவர்கள்தான். காலையில்கூடத் தேய்த்துவிட்டு வந்திருப்பார்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல், சிக்னலைப் பிடிக்கும் எலக்ட்ரோட்டை ஒட்டினால் சிக்னலுக்குப் பதில் ஃபேனின் இரைச்சல்தான் வரும். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடையுங்கள். மோதிரம், வளையல், சாமிக் கயிறு எல்லாம் மேலே தள்ளிவிடலாம். கயிற்றைக் கழற்றச் சொல்லாதீர்கள், மனசு கஷ்டப்படும். முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதும். பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் மட்டும் கை வைக்கக் கூடாது. இருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது விஷயம்

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த யாருடைய ஃபைலைத் திறந்தாலும் ஒரு சீட்டு இருக்கும்: சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5. அது ரத்தத்தில் உள்ள அளவு. நரம்பணுவைச் சுற்றியுள்ள திரவத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். நரம்பணுவுக்குள்ளே போனால் கணக்கு தலைகீழ். பொட்டாசியம் 140 பக்கம், சோடியம் 10, 15. நரம்பின் மின்சாரம் முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் வருகிறது. சோற்றில் நாம் போட்டுக்கொள்கிற அதே உப்பின் சோடியம்தான்.

நரம்பணுவின் சவ்வில் சிறு வாசல்கள் உண்டு. ஓய்வாக இருக்கும்போது பொட்டாசியத்துக்கான வாசல்களில் சில திறந்தே கிடக்கும். உள்ளே நெரிசலாக இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். நேர்மின்னேற்றம் வெளியே போகப் போக உள்பக்கம் எதிர்மின் பக்கம் சாயும். ஒரு கட்டத்தில் அந்த எதிர்மின்னே மேலும் வெளியேறவிடாமல் பொட்டாசியத்தை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சமநிலையில் உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். பாடப் புத்தகம் ஓய்வுநிலை மின்னழுத்தம் என்று சொல்வது இதைத்தான். கசிவதை ஈடுகட்ட ஒரு பம்ப் இடைவிடாமல் ஓடுகிறது: மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும்.

70 மில்லிவோல்ட் என்றால் டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அது நிற்பது ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத சவ்வின் இரு பக்கமும். அந்தச் சவ்வு ஒரு மீட்டர் தடிமனாக இருந்தால் அதே விகிதத்தில் ஏறக்குறைய ஒரு கோடி வோல்ட் வரும். முறுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி, தொட்டால் போதும் என்று காத்திருக்கிறது. நீங்கள் வைக்கும் ஷாக் நரம்புக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. அது ஏற்கெனவே வைத்திருப்பதை அவிழ்த்து விடுகிறது, அவ்வளவுதான்.

ஒட்டுகிற இடம்

கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கையில் ஒரு சதை மேடு இருக்கும். அதன் நட்ட நடுவில் ஆக்டிவ் எலக்ட்ரோட், தசையின் சிக்னலைப் பிடிப்பது. அதோடு ஒப்பிடுவதற்கான ரெஃபரன்ஸ் எலக்ட்ரோட் கட்டைவிரல் மூட்டில். எர்த், ஷாக் வைக்கும் இடத்துக்கும் பதிவு செய்யும் இடத்துக்கும் நடுவே, புறங்கையிலோ உள்ளங்கையிலோ.

ஆக்டிவ் எலக்ட்ரோட் நடு மேட்டில் சரியாக உட்காராவிட்டால் அலை மேலே கிளம்புவதற்கு முன் சின்னதாக ஒரு குழி விழும். அலை வேறெங்கோ தொடங்கி எலக்ட்ரோட்டை நோக்கி வருகிறது என்று அர்த்தம். குழியைப் பார்த்ததும் எலக்ட்ரோட்டை அரை விரற்கடை நகர்த்துங்கள். நேராக மேலே எழும் அலை கிடைக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எங்கள் திரையில் மேலே என்றால் நெகட்டிவ். பலர் இதில் குழம்புவார்கள். சோடியம் உள்ளே பாயும்போது வெளிப்பக்கம் நெகட்டிவ் ஆகிறது. நாம் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். அதனால் விழித்துக்கொண்ட இடம் நமக்கு நெகட்டிவாகத் தெரிகிறது.

அப்புறம் மணிக்கட்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னால் நடுவில் ஒரு தசைநாண் துருத்தும். அதற்கும் கட்டைவிரல் பக்கம் இருக்கும் அடுத்த தசைநாணுக்கும் இடையில் மீடியன் நரம்பு. சிலருக்கு அந்த நடு நாண் பிறவியிலேயே இருக்காது, பயப்பட வேண்டாம். ஆக்டிவ் எலக்ட்ரோடிலிருந்து டேப்பில் அளந்து 8 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வையுங்கள். 7 வைக்கும் இடங்களும் உண்டு. எதுவானாலும் உங்கள் லேபின் அளவை மாற்றாதீர்கள்.

கறுப்பு முனை கையைப் பார்க்கட்டும்

ஷாக் வைக்கும் ஸ்டிமுலேட்டரில் இரண்டு முனைகள். கறுப்பு கேதோடு, அதாவது நெகட்டிவ். சிவப்பு ஆனோடு, பாசிட்டிவ். கறுப்பு அந்தப் புள்ளியின் மேல், சிவப்பு முழங்கைப் பக்கம். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதைத் தலைகீழாகப் பிடிப்பதுதான்.

கேதோடுக்கு அடியில் நரம்பின் வெளிப்பக்கம் நெகட்டிவ் ஆகிறது. வெளியே நெகட்டிவ் கூடினால் உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் குறையும். மைனஸ் 70 மெல்ல ஏறி மைனஸ் 55 பக்கம் வந்ததும் சோடியம் வாசல்கள் சடாரென்று திறக்கும். வெளியே காத்துக் கிடந்த சோடியம் உள்ளே பாயும். அது பாய்ந்ததால் இன்னும் வாசல்கள் திறக்கும், இன்னும் பாயும். ஒரு மில்லிநொடிக்குள் உள்பக்கம் பிளஸ் 30 வரை போய்விடும். உடனே சோடியம் வாசல்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வாசல்கள் அதிகமாகத் திறந்து உள்பக்கத்தை மறுபடி எதிர்மின்னுக்கு இறக்கிவிடும். இதுதான் செயல்நிலை மின்னழுத்தம். ஆனோடுக்கு அடியில் நடப்பது இதற்கு நேரெதிர், நரம்பு இன்னும் ஆழமாக அடங்கும்.

ஆக, சிக்னல் பிறப்பது கறுப்பு முனைக்குக் கீழே. முனைகளை மாற்றிப் பிடித்தால் அது இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிறக்கும். நரம்பில் நொடிக்கு 50 மீட்டர் வேகம் என்று வையுங்கள், 25 மில்லிமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடி. ஷாக் வைத்ததிலிருந்து அலை எழும் வரையான நேரம் 4.2 மில்லிநொடி வர வேண்டிய இடத்தில் 4.7 வரும். நல்ல மணிக்கட்டுக்கு நோய்ப் பட்டம் கட்ட அது போதும்.

பிறந்த சிக்னல் எப்படி நகர்கிறது என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வது சரவெடி. திரியில் ஒரு முனையில் பற்ற வைத்தால் ஒவ்வொரு வெடியும் அடுத்ததைப் பற்ற வைத்துக்கொண்டே போகும். ஆயிரமாவது வெடி முதல் வெடியைவிட மெதுவாக வெடிக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் சொந்த மருந்து இருக்கிறது. நரம்பும் அப்படித்தான். சோடியம் பாய்ந்த இடம் பக்கத்து இடத்தைத் தூண்டும், அங்கே புதிதாகச் சோடியம் பாயும். வீட்டு வயரில் தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்குவதுபோல் இதில் இறங்காது. சரவெடியோடு ஒற்றுமை இங்கே முடிகிறது: வெடித்த வெடி குப்பை, நரம்போ ஒன்றிரண்டு மில்லிநொடியில் மறுபடி தயார். அந்த இடைவெளியில் அதைத் தூண்ட முடியாது என்பதால்தான் சிக்னல் வந்த வழியே திரும்புவதும் இல்லை.

மீடியன் நரம்பின் பருத்த இழைகளில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. இழையைச் சுற்றி மையலின் உறை, கொழுப்பாலான இன்சுலேஷன். சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஓரிடத்தில் மட்டும் உறை விலகி நரம்பு வெளியே தெரியும். அதுதான் ரான்வியர் கணு. சோடியம் வாசல்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கணுவுக்குக் கணு தாவிப் போவதால் நேரம் மிச்சம். ஊசிக்கணவாயின் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டர் வரை பருமன், வெறும் கண்ணுக்கே தெரியும். மையலின் இல்லாததால் அவ்வளவு பருத்தும் நொடிக்கு 25 மீட்டர் பக்கம்தான் ஓடுகிறது. நம்முடையது அதில் முப்பதில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது, 50-ஐத் தாண்டிவிடும். சோடியம், பொட்டாசியம் வாசல்களின் இந்தக் கதை முழுவதையும் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அந்தக் கணவாய் நரம்பில்தான். 1952-ல் எழுதினார்கள், 1963-ல் நோபல். கணக்குகளை ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினில் போட்டிருக்கிறார். எங்கள் மெஷின் ஹேங் ஆகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

கரண்டைக் கூட்டுவது எதற்கு

துடிப்பின் நீளம் 0.2 மில்லிநொடி. கரண்டைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "சுண்டுன மாதிரி இருக்கும்யா, கட்டைவிரல் தானா ஆடும், ஆடவிடுங்க." முதலில் திரையில் ஒன்றும் இருக்காது. பிறகு சின்ன மேடு. கூட்டக் கூட்ட மேடு வளரும்.

இங்கே ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள், நல்ல கேள்வி: "அக்கா, நரம்பு வெடிச்சா முழுசா வெடிக்கும், இல்லாட்டி வெடிக்காதுன்னு படிச்சோமே, அப்புறம் எப்படிக் கரண்டைக் கூட்டக் கூட்ட அலை பெருசாகுது?" படித்தது சரிதான். ஓர் இழைக்குப் பாதி சிக்னல் கிடையாது. ஆனால் மீடியன் நரம்பு ஓர் இழை இல்லை, ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. கரண்ட் குறைவாக இருக்கும்போது பருத்த இழைகளும் முனைக்கு அருகில் உள்ளவையும் மட்டும் கிளம்பும். கூட்டும்போது மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். திரையில் வளர்வது இழைகளின் தலைக்கணக்கு.

அதனால்தான் அலை வளர்வது நின்ற பிறகும் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து உறுதி செய்கிறோம். ஓர் இழைகூட மிச்சமில்லை என்று தெரிந்தால்தான் அந்த உயரத்துக்கு மரியாதை. நோயாளி முகம் சுளித்தார் என்று பாதியில் நிறுத்தினால் உள்ள இழைகளை இல்லை என்று எழுதுகிறீர்கள். அதே நேரம் தாண்டியும் போகக் கூடாது. மணிக்கட்டில் அளவு மீறினால் பக்கத்திலிருக்கும் அல்நார் நரம்பும் சேர்ந்து கிளம்பிவிடும். திரையை மட்டும் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு மேலே எழுந்தால் மீடியன். சுண்டுவிரல் ஆட ஆரம்பித்தால் அல்நார் உள்ளே வந்துவிட்டது, அலையின் உருவமும் மாறியிருக்கும்.

ஏன் இரண்டு இடத்தில் தட்ட வேண்டும்

மணிக்கட்டில் 3.4 மில்லிநொடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 80 மில்லிமீட்டர். வகுத்தால் நொடிக்கு 23.5 மீட்டர். நல்ல நரம்புக்கு இது பாதி வேகம். என்ன தப்பு?

அந்த 3.4-ல் நரம்பின் ஓட்டம் மட்டும் இல்லை. நரம்பின் கடைசிக் கிளைகள் மெலிந்தவை, மெதுவானவை. அப்புறம் நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் ஓர் இடைவெளி. அங்கே மின்சாரம் தாவ முடியாது. சிக்னல் போய்ச் சேர்ந்ததும் நரம்பு நுனியில் கால்சியம் நுழையும். குமிழ்களில் அடைத்து வைத்த அசிட்டைல்கோலின் வெளியே கொட்டும். அது எதிர்க்கரையில் தசையின் வாசல்களைத் திறக்கும். தசையில் புதிதாக ஒரு மின்துடிப்பு கிளம்பும். இந்தக் கைமாற்றத்துக்கே ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிவிடும். நாம் மேட்டில் பதிவு செய்வதும் தசையின் துடிப்பைத்தான், நரம்பின் துடிப்பை அல்ல.

இதையெல்லாம் கழிக்க ஒரே வழி, இன்னோரிடத்திலும் தட்டுவது. முழங்கை மடிப்பில், நாடி துடிக்கும் இடத்தில் கறுப்பு முனையை வையுங்கள். அங்கே 7.5 மில்லிநொடி. கடைசிக் கிளை, கைமாற்றம், தசை எல்லாம் இரண்டு எண்களிலும் ஒரே அளவு இருப்பதால் கழித்தால் போய்விடும். மிச்சம் 4.1, சுத்தமாக நரம்பு மட்டும் எடுத்துக்கொண்ட நேரம். கறுப்புப் புள்ளிக்கும் கறுப்புப் புள்ளிக்கும் இடையே டேப்பில் 225 மில்லிமீட்டர். 225-ஐ 4.1-ஆல் வகுத்தால் 54.9. மில்லிமீட்டரை மில்லிநொடியால் வகுத்தால் நேரே நொடிக்கு மீட்டர் வந்துவிடும், மாற்ற வேண்டியதில்லை. 49, 50-க்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்குச் சரி.

இந்தத் தந்திரம் மெஷின் கம்பெனியுடையது அல்ல. 1850 வாக்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளையின் நரம்பில் செய்தது. ஒரே நரம்பை இரண்டு இடத்தில் தூண்டி, தசை சுருங்கும் நேர வித்தியாசத்தைப் பிடித்தார். நொடிக்கு 27 மீட்டர் அளவில் வந்தது. நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை பெரிய விஞ்ஞானிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டேப் பிடிக்கும்போது கை நீட்டி இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் 54.9 என்பது 57.3 ஆகிவிடும். தூரம் குறைவாக இருந்தால் தவறு இன்னும் பெருகும். அதனால்தான் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளில் வந்த வேகத்தை நான் லேசில் நம்புவதில்லை.

மீன்கார அம்மா

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மழைக்காலம். மார்க்கெட்டில் மீன் வெட்டும் ஓர் அம்மா, ஐஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துவிட்டு நேரே பைக்கில் வந்திருந்தார். எங்கள் அறையில் மெஷினுக்காக ஏ.சி. எப்போதும் ஓடும். இரண்டு கையும் மரத்துப்போகிறது என்றார். மணிக்கட்டில் 4.9 வந்தது. எங்கள் எல்லை 4.4. வேகம் 44. மணிக்கட்டுச் சுரங்கத்தில், அதாவது மீடியன் நரம்பு உள்ளங்கைக்குள் நுழையும் குறுகிய வழியில், நரம்பு நசுங்கிய கேஸ் என்று முடிவு கட்டி, இரண்டு கைக்கும் எழுதி, பெருமையாக டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். "அல்நாரும் மெதுவா இருக்கே. சுண்டுவிரல் நரம்பு அந்தச் சுரங்கத்துல போகாதேம்மா." எனக்குப் பதில் இல்லை. உணர்வு நரம்பின் அலை உயரத்தைக் காட்டி, "நசுங்கின நரம்புக்கு இவ்வளவு உயரம் வருமா?" என்றார். 60 மைக்ரோவோல்ட். 20 இருந்தாலே நல்லது என்போம். கடைசியாக, "கையைத் தொட்டுப் பார்த்தியா?"

தொட்டேன். வெப்பமானி 26 என்றது. அந்த அம்மா, "நான் வரும்போதே சொன்னேனே, கை விறைச்சிருக்குன்னு" என்றார். வெந்நீரில் வைத்து மறுபடி எடுத்தோம். 3.7. வேகம் 55. மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

குளிரில் சோடியம் வாசல்கள் மெதுவாகத் திறக்கும், ஆகவே ஒவ்வொரு கணுவிலும் கொஞ்சம் தாமதம். மூடுவதற்கு அதைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். திறந்தே இருப்பதால் கூடுதல் சோடியம் பாயும், துடிப்பு உயரமாகவும் அகலமாகவும் ஆகும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்குள் இருநூறு கணுவாவது இருக்கும், ஒவ்வொன்றின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். ஒரு டிகிரி குறைந்தால் வேகத்தில் நொடிக்கு சுமார் 2 மீட்டரும், மணிக்கட்டு நேரத்தில் சுமார் 0.2 மில்லிநொடியும் போய்விடும். மெதுவாகவும் உயரமாகவும் சேர்ந்து வந்தால் அது நோய் அல்ல, குளிர். இதை நான் புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன் என்பதுதான் எரிச்சல்.

அலையைப் படிப்பது

சரி, கை சூடு, முனை சரி, கரண்ட் முழு அளவு. இப்போது வரும் அலையை நம்பலாம்.

மணிக்கட்டு நேரம் மட்டும் கூடி, முன்கையில் வேகம் நன்றாக இருந்தால் சுரங்கத்தில் நசுங்கல். அழுத்தம் முதலில் மையலினைத்தான் தின்னும். உறை போன இடத்தில் மின்சாரம் கசிந்து, அடுத்த கணுவைப் பற்ற வைக்க நேரமாகும். இன்னும் மோசமானால் பற்றாமலே போகும். முழங்கையில் தட்டினால் அலை சின்னதாகவும், மணிக்கட்டில் தட்டினால் முழுதாகவும் வந்தால் நடுவில் எங்கோ சிக்னல் செத்துப்போகிறது. நரம்பில் சிக்னல் தூரத்தால் இறங்காது என்று சரவெடியில் சொன்னேனே, அதனால்தான் பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் கிலன் பாரே நோயில் இப்படிப் பல இடங்களில் பார்க்கலாம்.

எங்கு தட்டினாலும் சின்னதாகவே வந்து, வேகம் ஓரளவு சரியாக இருந்தால் உறையைவிட இழைகளே அழிந்திருக்கின்றன. மிச்சம் உள்ளவை தம் பழைய வேகத்திலேயே ஓடும். நீரிழிவுக்காரர்களின் காலில் இதை அதிகம் பார்க்கிறேன், சர்க்கரை உறையையும் விட்டுவைக்காது என்பதால் இரண்டும் கலந்துதான் வரும். முழங்கையில் அல்நார் நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கைக்குத் தட்டுப்பட்டால், தோலில் உணர்வில்லாத வெளிர்ந்த படை இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். தொழுநோய் இன்னும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

பிறந்த குழந்தைக்கு வேகம் நம்மில் பாதிதான், மையலின் இன்னும் சுற்றி முடியவில்லை. பெரியவர்களின் எல்லையை வைத்துக் குழந்தைக்கு எழுதிவிடாதீர்கள்.

ஒரே ஒரு முறை தட்டியதற்கு அலை இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால், தோட்டத்துக்கு மருந்து அடித்தாரா என்று கேளுங்கள். கொட்டிய அசிட்டைல்கோலினை அள்ளிச் சுத்தம் செய்யும் நொதியை ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து முடக்கிவிடும். தசை ஒரு தட்டலுக்குப் பலமுறை துள்ளும். டாக்டரை உடனே கூப்பிட வேண்டிய அலை அது.

இன்னொன்று. பாதம் தீயாக எரிகிறது என்று வருவார், சோதனையில் எல்லாம் நார்மலாக இருக்கும். "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று ஒரு வாத்தியார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். வலியையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மையலின் கிடையாது, நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். இந்த மெஷின் பார்ப்பது பருத்த, வேகமான இழைகளை மட்டும். மெல்லியவை அழிந்துகொண்டிருந்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று எழுதலாம், அவரிடம் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முடிந்ததும் ஜெல்லை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அரிக்கும். போகும்போது பெரும்பாலும் ஒரு கேள்வி வரும்: "கரண்டு உடம்புல தங்கிராதே?" நான் வைத்தது ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருந்தது, மற்றதெல்லாம் உங்களுடைய கரண்ட், நீங்கள் வரும்போதே கொண்டுவந்தது என்று சொல்வேன். பாதிப் பேர் நம்புவதில்லை. ஏற்றிவிட்ட சாமிக் கயிற்றை மணிக்கட்டுக்கு இறக்கிவிட மறந்துவிடாதீர்கள். அப்புறம் ரிப்போர்ட்டின் மேல் மூலையில், பெயருக்குப் பக்கத்திலேயே, கையின் வெப்பத்தை எழுதிவிடுங்கள்.